முன்சக்கரத்தின் மேல் ஒரு பாடம்

வண்டியை ஓட்டத் தெரிந்தவர் பலர். நிறுத்தத் தெரிந்தவர் சிலர். இளைஞர் உலகில் இன்று பெரிதும் பேசப்படும் ‘ஸ்டாப்பி’ என்னும் வித்தை, ஆழ்ந்து நோக்கின் நிறுத்தும் கலையேயாகும். ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கை அளவறிந்து பிடிக்க, பின்சக்கரம் தரையை விட்டு எழுகின்றது. எழுந்த பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க, முன்சக்கரம் ஒன்றே உருண்டு செல்லுமாயின் அதனை ‘ரோலிங் ஸ்டாப்பி’ என்பர். கைப்பேசியின் சிறு திரையில் பத்து விநாடி பார்ப்போர்க்கு இஃது அஞ்சா நெஞ்சத்தின் செயலாகத் தோன்றும். உண்மையில் இது நெஞ்சின் வேலையன்று, கணக்கின் வேலை, அக்கணக்குக்குக் கட்டுப்பட்ட இரு விரல்களின் வேலை.

கொச்சியிலே கல்வி பயிலும் நம் தமிழ் மாணவரிடையேயும் இவ்வேட்கை பரவி வருகின்றது. ‘செய்யாதே’ என்று ஒரு சொல்லில் தடுத்துவிடலாம். ஆனால் காரணம் அறியாத தடை காற்றில் போகும். ஆகவே இவ்வித்தை எங்ஙனம் நிகழ்கின்றது, எங்ஙனம் பயிலப்படுகின்றது, எங்கே பயிலலாகாது என்ற மூன்றையும் முறையே காண்போம்.

1. பின்சக்கரம் ஏன் எழுகின்றது?

ஓடும் பேருந்து திடுமென நிற்க, உள்ளே நிற்பவர் முன்னோக்கிச் சாய்வதை நாம் அறிவோம். மோட்டார் சைக்கிளும் அவ்வாறே. முன் பிரேக்கைப் பிடித்ததும், தரை முன்சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த நிறைமையமோ தரைக்கு மேலே உயரத்தில் இருக்கின்றது; அது முன்னோக்கியே செல்ல விழைகின்றது. இதனால் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தை அச்சாகக் கொண்டு வண்டி கவிழ முயல்கின்றது. எடையோ அதனைக் கீழே அழுத்தப் பார்க்கின்றது. இவ்விரண்டு திருப்புத் திறன்களின் போட்டியே ஸ்டாப்பி.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1.4 மீட்டர், நிறைமையம் நடுவிலே, அதாவது முன்சக்கரத்திலிருந்து 0.7 மீட்டர் பின்னே. தரையிலிருந்து அதன் உயரமும் 0.7 மீட்டர். விரைவு மோட்டார் சைக்கிள்களுக்கு இது பொருந்தி வரக்கூடிய அளவு. இங்கே வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்திற்குச் சமமாகும்போது, அதாவது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வீதம் குறையும்போது, பின்சக்கரத்தின் மீதுள்ள சுமை முற்றிலும் நீங்குகின்றது. அதற்கு மேல் சிறிது பிடித்தாலும் பின்சக்கரம் எழும்.

2. கணக்கின் நெஞ்சம்

இனி வருவதே இப்பாடத்தின் உயிர்நிலை. பின்சக்கரம் எழ எழ, நிறைமையம் உயர்கின்றது. முன்சக்கரத்தை நோக்கி நெருங்கவும் செய்கின்றது. ஆதலின் வண்டியை அந்நிலையிலேயே தாங்கி நிறுத்தத் தேவையான பிரேக்கின் அளவு குறைந்துகொண்டே வருகின்றது.

நம் எடுத்துக்காட்டு வண்டி 20 பாகை எழுந்தபின், தொடக்கத்தில் வேண்டிய விசையில் பாதிக்கும் குறைவே போதும். 30 பாகையில் கால்பங்குக்குச் சற்றே மிகுதி. 45 பாகையிலோ நிறைமையம் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிடும். அங்கே வேண்டிய பிரேக் சுழி. அதனையும் கடந்தால் பிரேக்கை முற்றிலும் விட்டாலும் பயனில்லை. எடையே வண்டியைக் கவிழ்த்துவிடும்.

ரோலிங் ஸ்டாப்பி நீண்டு செல்வதன் மறையும் இதுவே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், தொடக்க நிலைக்குரிய முழு விசையிலே பிடித்தால் வண்டி 10 மீட்டருக்குள் நின்றுவிடும். 30 பாகையில் தாங்கிச் சென்றாலோ, அதே வேகத்தில் ஏறத்தாழ 37 மீட்டர் உருளும்.

இடர் எங்கே உள்ளது என்பது இப்போது விளங்கும். பின்புறம் எழும்போது மனிதன் அஞ்சுகின்றான். அஞ்சிய கை இறுக்கும். கணக்கோ ‘தளர்த்து’ என்கின்றது. இயல்பூக்கம் ஒன்று சொல்ல, இயற்பியல் அதற்கு நேர்மாறாகச் சொல்லும் இடம் இது. இயல்பூக்கத்தை வெல்லும் பயிற்சியின்றி இதனைத் தொடுபவன், வண்டியின் மேலாகத் தூக்கி எறியப்படுகின்றான்.

3. பயிலும் முறை

ஜெர்மன் நாட்டுக் கிறிஸ்டியன் பைஃபர் (1970–2022) இவ்வித்தையில் உலகப் புகழ் பெற்றவர். அவர் முதலில் பயின்றது ‘ட்ரையல்ஸ்’ என்னும் போட்டி முறையாகும். பாறைகளின் மேலும் மரக்கட்டைகளின் மேலும் நடைவேகத்தில், கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்தும் கலை அது. வேகத்தின் வழியே அன்று, மெதுவின் வழியே அவர் சமநிலையைக் கற்றார் என்பதை மாணவர் கருத்தில் இருத்த வேண்டும்.

பயிற்சியின் படிகள் வருமாறு:

முதற்படி, சக்கரத்தை எழுப்பாமலே நிறுத்துதல். நேர்க்கோட்டில் சென்று, முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடியாமல், முதலில் மெல்ல அழுத்தி, முன்புறச் ஸ்பிரிங்குகள் அமிழ்ந்தபின் மேலும் அழுத்துதல். சுமை முன்சக்கரத்துக்கு வந்தபின்னரே தரையின் பிடிப்பு முழுமையாகக் கிட்டும். இதனை நூறு முறை செய்தும் வண்டி கோணாமல் நிற்குமாயின் அடுத்த படி.

இரண்டாம் படி, விடுதலைப் பயிற்சி. மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், கிளச்சைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் ஒரு சாண் எழுந்த அளவிலேயே பிரேக்கைத் தளர்த்துதல். எழுப்புவது இங்குப் பாடமன்று, இறக்குவதே பாடம். முழங்கால்கள் பெட்ரோல் தொட்டியைக் கவ்வட்டும், கைகள் நீண்டிருக்கட்டும், பார்வை முன்சக்கரத்தில் விழாமல் தொலைவில் நிலைக்கட்டும். பின்சக்கரம் பக்கவாட்டில் விலகினால் உடனே இறக்க வேண்டும்.

மூன்றாம் படி, தாங்குதல். முழங்கால் உயரம் எழுந்தபின், விரலைச் சிறிது தளர்த்தி அவ்வுயரத்திலேயே ஒரு நொடி நிறுத்துதல்.

நான்காம் படியே உருளல். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தாங்கும் தொலைவை நீட்டுதல். முந்தைய படி பிசகாமல் கைவந்தாலன்றி இதற்கு வருதல் தகாது.

இந்தியத் தர எண் 4151 பொறித்த முழுமுகத் தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முதுகுக் காப்பு ஆகியவை இப்படிகளுக்கெல்லாம் முன்னதான படி. அருகில் விவரமறிந்த ஒருவர் இருப்பதும் அவ்வாறே. தனியே பயின்று விழுந்தவனுக்கு யார் துணை?

4. மட்டாஞ்சேரித் தெரு பள்ளிக்கூடமாகுமா?

மேற்கண்ட கணக்கெல்லாம் ஒரு கருதுகோளின் மேல் நிற்கின்றது. தரையின் உராய்வு போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அது. உலர்ந்த நல்ல தார்த்தளத்தில் உராய்வு எண் ஒன்றை எட்டலாம். நனைந்த தளத்தில் 0.5 என்று கொள்வோம். அப்போது பின்சக்கரம் எழுவதற்கு வேண்டிய விசை பிறக்கும் முன்பே முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். முன்சக்கரம் வழுக்கினால், நிமிர்த்த நேரமில்லை.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடர்கின்றது. மட்டாஞ்சேரியின் பஜார் சாலையை நினைத்துப் பாருங்கள்: இருமருங்கும் பழைய கிடங்குகள், மூட்டை இறக்கும் லாரிகள், கைவண்டிகள், சிந்திய தானியம், எண்ணெய்க் கறை. அரண்மனைப் பக்கமும், 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூதக் கோயில் நிற்கும் தெருவும், எந்நேரமும் நடந்து செல்வோர் நிறைந்தவை. 37 மீட்டர் வெற்றிடம் அங்கே எங்கே கிடைக்கும்? கோட்டைக் கொச்சிப் பரேடு மைதானமோ பந்தாடும் சிறுவர்க்கு உரியது.

சட்டமும் இதனையே சொல்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டத்தைத் தண்டிக்கின்றது. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எவ்விடமும் அச்சட்டத்தின்படி பொது இடமே. கடற்கரை வண்டி நிறுத்துமிடம் விலக்கன்று. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவன் செய்த குற்றத்துக்கு வண்டியின் உரிமையாளரோ பாதுகாவலரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும். 2022 ஜூன் திங்களில் கேரள மோட்டார் வாகனத் துறை, சாலையில் பந்தயம் விடுவோரைப் பிடிக்க ‘ஆபரேஷன் ரேஸ்’ என்ற தனி நடவடிக்கையே மேற்கொண்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில், காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தை எழுப்ப முயன்ற புகழ்பெற்ற இளைஞர் ஒருவர் விழுந்து கை முறிந்தார். அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிபோயிற்று. அவரைப் பின்பற்றியோர் இலட்சக்கணக்கானோர். ஆயினும் அன்று அவர் விழுந்தது தனியாகத்தான்.

அப்படியாயின் ஆர்வமுள்ளவன் எங்கே செல்வது? வேகத்துக்கும் வித்தைக்கும் உரிய இடம் மூடிய களம். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம், போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்திற்று. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் களம் அமைந்தது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் உள்ளது. கொச்சியிலிருந்து அரைநாள் பயணத் தொலைவு. உரிமையாளரின் இசைவு பெற்ற, வேலியிட்ட, உலர்ந்த தளம் கிட்டாதவரை, இரண்டாம் படிக்குச் செல்லாதிருப்பதே அறிவுடைமை.

5. எல்லார்க்கும் ஆகும் பாடம்

வித்தை செய்ய விரும்பாதவரும் இக்கணக்கைக் கற்றாக வேண்டும். ‘முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய்’ என்ற அறிவுரையைக் கேட்டு, பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுவோர் நம்மிடையே பலர். நம் எடுத்துக்காட்டு வண்டி, உராய்வு எண் 0.8 உள்ள சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்க 34 மீட்டர் வேண்டும். இரண்டையும் முறையாகப் பிடித்தால் 12 மீட்டர் போதும். தோப்பும்படியில் ஒரு குழந்தை சாலையின் குறுக்கே ஓடி வரும்போது, இடையிலுள்ள அந்த 22 மீட்டர் ஓர் உயிரின் விலை.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதன் பணி. வித்தைக்காக அதனைத் துண்டித்துவிட்டு, அதே வண்டியில் மறுநாள் மழையில் கல்லூரிக்கு வருவது, குடையைக் கிழித்துவிட்டு மழையில் இறங்குவதை ஒக்கும்.

நண்பர்களே! முன்சக்கரத்தின் மேல் வண்டியை நிறுத்துபவனைக் கண்டு வியப்பதில் தவறில்லை. ஆனால் வியக்கத்தக்கது அவன் துணிவன்று. இறுக்க வேண்டுமென்று அச்சம் கூவும் கணத்தில் தளர்த்தக் கற்ற அவன் கை. அந்த அடக்கத்தைக் களத்திலே கற்போம்; காலியான மைதானத்தில் முதற்படியையேனும் முறையாகப் பயில்வோம். தெருவிலே நமக்கு வேண்டிய வித்தை ஒன்றே: வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுதில், இரு சக்கரமும் தரையிலிருக்க நிற்பது.