செண்பகமும் தம்பகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அடியேன் வசிப்பது செங்கோட்டையில். ஆனி, ஆடி மாதங்களின் சாரலில் குற்றால மலைக்காட்டைக் காணும்போதெல்லாம் குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகம் நினைவுக்கு வரும். பேரருவிக்கு மேலேயுள்ள செண்பகதேவி அருவி, செண்பக மரங்களால் பெயர் பெற்றது என்பர். ஆழ்வாரும் அப்பதிகத்தின் நான்காம் பாசுரத்தில், திருவேங்கடமலையில் ஒரு செண்பகமாய் நிற்க ஆசைப்படுகிறார்.

ஆனால் அடுத்த பாசுரத்திலேயே தம்பகமாய் நிற்க வேண்டுகிறார். தம்பகமாவது மணமும் பயனும் அற்ற புதர். மரமாக விரும்பியவர் புதராக இறங்குவானேன்?

பெரியோர் சாதிக்கும் விளக்கம் இது: செண்பகத்துக்கு மணம் உண்டு. அம்மணத்தை விரும்பி எவரேனும் அதை மலையினின்றும் பெயர்த்துச் செல்லக்கூடும். புதரையோ ஒருவரும் நாடார். அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஆழ்வாருக்கு வேண்டுவது பெருமையன்று, அம்மலையை விட்டுப் பிரியாமை. சொற்களையும் நோக்குக: செண்பகமாய் நிற்பதைத் ‘திரு’ என்றவர், தம்பகமாய் நிற்பதைத் ‘தவம்’ என்கிறார்.

அடியேன் வணிகவியல் பயின்று வங்கியில் பணியாற்றியவன். கடன் விண்ணப்பத்தோடு தோட்டங்களைப் பார்வையிடும்போது தேக்கையும் பலாவையும் எண்ணி விலை மதிப்பேன். கீழே கிடக்கும் செடிகொடிகள் கணக்கில் வாரா. ஓய்வு பெற்றபின் அடியேனை நாடி வருவோரும் குறைந்தனர். இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்று மனம் வாடியதுண்டு.

அக்காலத்தில்தான் மலைச்சரிவின் அடிக்காட்டைக் கூர்ந்து பார்த்தேன். ஓங்கிய மரங்களின் நிழலில் பெரணியும் புதரும் புல்லும் அடர்ந்துள்ளன. அவற்றின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. அவற்றின் இலையும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தாங்குகின்றன. நீர் நிலத்தினுள் இறங்கி, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றாய்க் கசிந்து சிற்றாற்றை அடைகிறது. அதே பதிகத்தின் ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் காட்டாறாகவும் விரும்புகிறார். அக்காட்டாற்றைக் காப்பதில் விலைமதிப்பற்ற புதருக்கும் பங்குண்டு. இது வியாக்யானமன்று; அடியேன் கண்ட காட்சி.

எனினும், இந்தப் பயனைக் கருதி ஆழ்வார் புதராக வேண்டவில்லை. நிறைவில் அம்மலைமேல் ஏதேனும் ஒன்றாக இருந்தால் போதும் என்கிறார். உலகம் நம்மை எப்படி மதிக்கிறது என்பதன்று கேள்வி; எங்கே நிற்கிறோம் என்பதே. முதுமையில் சந்நிதியின் ஒரு மூலையில் அமர்ந்து பாசுரம் சேவிக்கும் அடியவருக்கும் அந்தத் தவம் வாய்க்கும்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்