ஊராட்சிப் பதவி ஏலப் பொருளன்று

வாக்குரிமை என்பது ஊரின் பொதுச் சொத்தன்று. ஒவ்வொரு பிரஜைக்கும் தனித்தனியே உரியது. அதனை அவருக்காகப் பிறர் எவரும் விட்டுக்கொடுக்க இயலாது. இவ்வுண்மையை ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் நன்கு உணர்தல் வேண்டும்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றபோது, நமது கடலூர் மாவட்டத்திலும் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. "பணம் கோயிலுக்குத்தானே போகிறது? போட்டியிட்டால் ஊர் இரண்டுபடும்" என்று சமாதானம் கூறுவோர் திருப்பாதிரிப்புலியூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உண்டு. ஊர் ஒற்றுமை போற்றத்தக்கதே. யாவரும் மனமுவந்து ஒருவரையே விரும்பினால் அதில் குற்றமில்லை. ஆனால் ஏலத்தில் வெல்வது பணமே. கூலியாளின் கருத்தையும் கைம்பெண்ணின் கருத்தையும் அங்கே கேட்பார் எவர்? குளத்து மீனை ஏலம் விடலாம். புளியமரக் காய்ப்பை ஏலம் விடலாம். பதவியை ஏலம் விடலாகாது. விலை கொடுத்து வந்தவர் அத்தொகையை ஊராட்சிப் பணத்திலேயே மீட்க முயலுவார் என்பதையும் மறத்தலாகாது.

அச்சத்தினால் விளையும் ஒற்றுமையும் இத்தகையதே. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் தடைப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அது முறையாக நிறைவேறியது.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் இங்கு நோக்குவோம். சோவியத் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் வாக்களித்ததாகக் கணக்குக் காட்டப்பட்டு வந்தது. எனினும் சீட்டில் இருந்தது ஒரே பெயர். 1989 மார்ச்சுத் தேர்தலில் பல தொகுதிகளில் போட்டி அனுமதிக்கப்பட்டது. அப்போது லெனின்கிராடில் எதிரியின்றி நின்ற கட்சித் தலைவர் சொலோவியோவின் பெயரையே மக்கள் அடித்துவிட்டுத் தோற்கடித்தனர். நம் ஊராட்சித் தேர்தலிலோ, ஒரே ஒரு வேட்பாளர் இருப்பின் வாக்குப்பதிவே இல்லை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராக அறிவிக்கப்படுவார். அடித்துவிடும் வாய்ப்புக்கூட நமக்கு இல்லை. ஆகவே, வேட்புமனுவைத் தடுப்பது ஊரார் அனைவரின் வாக்கையும் பறிப்பதாகும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? பதினெட்டு வயது நிரம்பியோர் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்தல் வேண்டும். ஊராட்சி வார்டு அங்கத்தினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய அங்கத்தினர், மாவட்ட ஊராட்சி அங்கத்தினர் என நால்வரைத் தேர்ந்தெடுக்க நான்கு வாக்குகள் உண்டு. நான்கையும் தவறாது அளித்தல் வேண்டும். தேர்தலுக்குப் பின்னரும் கடமை ஓய்வதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், வாக்காளர் ஒவ்வொருவரும் வரவு செலவைக் கேட்கலாம்.

போட்டியினால் ஊர் கெடாது. தோற்றவரும் வென்றவரும் மறுநாளே ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுவர். கேள்வி கேட்பாரற்ற ஊரே கெடும்.