இளஞ்சிவப்பு நீரில் நீல முட்டை

மாணவர்களே, ஈஸ்டர் விடுமுறையில் தம்பி தங்கையோடு முட்டைக்குச் சாயமேற்றிப் பாருங்கள். ஊதா முட்டைக்கோஸை நறுக்கி, 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அடுப்பு வேலை உங்களுடையது. ஆறிய பிறகு, குவளைக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரைச் சின்னவர்கள் ஊற்றட்டும். ஊதா நீர் இளஞ்சிவப்பாகும். அதில் அவித்த வெள்ளை முட்டையைப் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். (நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் பழுப்பு முட்டையில் நிறம் சரியாகத் தெரியாது.)

காலையில் முட்டை நீலமாக இருக்கும்!

முட்டைக்கோஸின் அந்தோசயனின் நிறமி அமிலத்தில் சிவக்கும். அமிலம் குறைந்தால் நீலத்துக்கு மாறும். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட், தன்னை ஒட்டியுள்ள அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அப்போது எழும் குமிழ்கள் கரியமில வாயு.

"வினிகரைக் கூட்டினால் நிறமும் கூடுமா?" என்று ஒரு மாணவி கேட்டார். கூடாது. ஓட்டின் மேற்பரப்பு கரைந்து, சாயமும் உரிந்துவிடும்.

அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த முட்டையை உண்ணாதீர்கள்.