கடலே அகழியாக இருந்த ஊர்

நாகர்கோவிலில் பஸ் ஏறுங்கள். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர்கள் வரும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். பாலராமபுரத்தில் இறங்கிவிடுங்கள். கைத்தறித் துணிக்குப் பேர் போன ஊர் அது. அங்கிருந்து மேற்கே ஒரு சாலை பிரியும். அந்தச் சாலை உங்களைக் கடலுக்குக் கொண்டுபோய் விடும். அந்தக் கடலோர ஊர்தான் விழிஞ்ஞம். திருவனந்தபுரம் நகரத்திலிருந்து வந்தால் சுமார் 16 கிலோமீட்டர்.

பக்கத்திலேயே கோவளம் கடற்கரை இருக்கிறது. வெளியூர்க் கூட்டம் அங்கேதான் போகும். விழிஞ்ஞத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மீன்பிடித் துறை இருக்கிறது. பள்ளிவாசல் இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்துப் பழைய மாதா கோயில் இருக்கிறது. 1972-இல் ஏற்றி வைத்த கலங்கரை விளக்கம் உயரமாக நிற்கிறது. இவை எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. அதைத் தேடித்தான் போக வேண்டும்.

ஒரு பாறை, ஒரே அறை

ஊருக்குள்ளே ஒரு பாறை. அந்தப் பாறையைக் குடைந்து ஒரு சிறு அறை செய்திருக்கிறார்கள். இதைக் குடைவரைக் கோயில் என்பார்கள். கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டியது அல்ல. இருக்கிற பாறையை வெட்டி எடுத்து, உள்ளே இடம் உண்டாக்கியது. மாமல்லபுரத்துக் குகைகளைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். ஆனால் இது மிகவும் சிறியது. பேசிக்கொண்டே நடந்தால் தாண்டிப் போய்விடுவோம்.

இது கி.பி. எட்டாம் நூற்றாண்டுக் கோயில் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு என்றால் 701 முதல் 800 வரை உள்ள ஆண்டுகள். இன்றைக்குக் கணக்குப் போட்டால் 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிலை உண்டு. வெளிச் சுவரில், வாசலுக்கு இரண்டு பக்கமும் சிவனின் உருவங்கள். ஒரு பக்கம் வில்லோடு நிற்கிறார். மறு பக்கம் பார்வதியோடு ஆடுகிறார். நன்றாக உற்றுப் பாருங்கள். வேலை முடியவில்லை! பாதி செதுக்கிய உருவங்கள் அவை.

முடியாத வேலைக்கு ஒரு பெருமை உண்டு. முடிந்த சிலையில் சிற்பியின் கை மறைந்துவிடும். முடியாத சிலையில் அந்தக் கை தெரியும். முதலில் உருவத்தின் கோட்டை வரைகிறார்கள். பிறகு சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுக்கிறார்கள். உருவம் மெல்ல முன்னே வருகிறது. முகம், விரல், நகை போன்ற நுண்ணிய வேலை எல்லாம் கடைசியில்தான். ஒரு கொத்து தவறினாலும் பாறையை மாற்ற முடியாது. கல் வேலை, மர வேலை தெரிந்தவர்கள் உங்களோடு வந்தால் அவர்களிடம் கேளுங்கள். சிற்பியின் உளி எங்கே நின்றது என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

இவ்வளவு சிறிய கோயில் எதற்காக இங்கே வந்தது? அதற்கு இந்த ஊரின் பழைய கதை தெரிய வேண்டும்.

கோட்டையும் சண்டையும்

இந்தப் பகுதியை ஆய் என்ற குலத்து அரசர்கள் ஆண்டார்கள். கடையெழு வள்ளல்களில் ஆய் அண்டிரன் என்று ஒருவர் உண்டல்லவா? பொதிகை மலைக்கு உரியவர். அந்த ஆய் குலம்தான். பிற்காலத்தில் அவர்களுக்கு விழிஞ்ஞம் முக்கியமான ஊராக இருந்தது. கோட்டையும் துறைமுகமும் ஒரே இடத்தில்.

பாண்டியன் நெடுஞ்சடையன் இந்த ஊர்மேல் படையெடுத்தான். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது இது. அவனுடைய ஸ்ரீவரமங்கலச் செப்பேடு இதைச் சொல்கிறது. செப்பேடு என்றால் செம்புத் தகட்டில் வெட்டிய எழுத்து. கோட்டையின் மதில் மிக உயரம், அகழி மிக ஆழம் என்று அது வருணிக்கிறது. சுமார் 200 ஆண்டு கழித்துச் சோழர் வந்தார்கள். அவர்களுடைய திருவாலங்காட்டுச் செப்பேடு, இந்த ஊருக்குக் கடலே அகழி என்கிறது. கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்கத் தோண்டும் பள்ளம்தான் அகழி. இங்கே பல பக்கம் தோண்டவே வேண்டாம். கடலே காவல்.

ஏன் இத்தனை பேர் இந்த ஊருக்கு ஆசைப்பட்டார்கள்? கரைக்குப் பக்கத்திலேயே கடல் ஆழம். கப்பல் நெருங்கி வரலாம். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை இங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்தது. உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. உள்ளூர் ஓடுகள் மட்டும் அல்ல. மேற்கு ஆசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த ஓடுகளும் இருந்தன. நம் வீட்டில் பானை உடைந்தால் குப்பையில் போடுவோம். அந்தக் குப்பைதான் ஆயிரம் ஆண்டு கழித்துச் சாட்சி சொல்கிறது.

சண்டையில் அரசன் பெயர் நிற்கும். செத்த வீரன் பெயர் நிற்காது. ஆனால் விழிஞ்ஞத்தில் ஒரு பெயர் நின்றுவிட்டது. மாறன்சடையன் என்ற பாண்டியனின் 27-ஆம் ஆட்சி ஆண்டில், சேரர் படை விழிஞ்ஞத்தைத் தாக்க வந்தது. அதை எதிர்த்து நின்று உயிர் விட்டான் ரணகீர்த்தி என்னும் வீரன். அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டின் எழுத்து வட்டெழுத்து. பழங்காலத்தில் பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிய எழுத்து அது. இன்று தமிழ் படித்தவராலும் அதைப் படிக்க முடியாது, மலையாளம் படித்தவராலும் முடியாது. தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டம் பெற்றவர்களும் அந்த எழுத்தின் முன் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

யாருக்குப் படிப்பு?

வழியில் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. முன்சிறைக்குப் பக்கம். கி.பி. 866-இல் ஆய் அரசன் கருநந்தடக்கன் அங்கே பெருமாள் கோயில் கட்டினான். கூடவே ஒரு சாலை வைத்தான். இங்கே சாலை என்றால் ரோடு அல்ல. மாணவர் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கும் கல்விச்சாலை. மொத்தம் 95 இடங்கள். ஆயுதம் கொண்டு வரக் கூடாது என்று விதிகூட இருந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 95 இடங்களும் வேதம் ஓதுகிறவர்களுக்கு மட்டும். உழுதவருக்கு இடம் இல்லை. வலை வீசியவருக்கு இல்லை. பாறையைக் குடைந்தவருக்கும் இல்லை. பெண்களுக்கும் இல்லை. இந்தச் செய்தியும் செப்பேட்டில் இருந்துதான் தெரிகிறது. இன்று அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இன்றைய விழிஞ்ஞம்

அந்த ஆழம் இன்றும் இருக்கிறது. கரைக்கு அருகில் சுமார் 20 மீட்டர். பெரிய கப்பல்கள் போகும் கடல்வழியும் பக்கத்தில்தான். அதனால் 2015 டிசம்பரில் இங்கே புதிய துறைமுக வேலை தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதற்கு நடுவே, 2022-இல், கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன என்று மீனவர்கள் பல மாதம் போராடினார்கள். ஆகவே கிரேன்களை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மீன்பிடித் துறைக்கும் போய், அங்குள்ள மக்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். தமிழ் அவர்களுக்குப் புரியும்.

போகும்போது

பஸ் நிறுத்தத்தில் குகைக் கோயிலுக்கு வழி கேளுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம் அது. வாசலில் பலகை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். உருவங்களைக் கையால் தடவ வேண்டாம். எண்ணெய் பூச வேண்டாம். பேர் எழுதவோ கீறவோ கூடாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். எழுதப் பழகிய புதிதில் எங்கும் பேர் எழுதத் தோன்றும். அதற்குக் காகிதம் இருக்கிறது.

காலையில் போவது நல்லது. மழைக்காலத்தில் கடல் பொல்லாதது. பாறைமேல் ஏறி நிற்க வேண்டாம். திரும்பும் வழியில் தக்கலைக்குப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்கலாம். தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, நிர்வாகம் கேரளத்தினுடையது. திங்கட்கிழமை விடுமுறை.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் பழைய கல், நடுகல், மண்டபம், குளம் எது உண்டு? அதைப் பற்றி வயதானவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதில் எழுத்து ஏதாவது தெரிகிறதா?