வேலைநிறுத்தமும் 17-பி மெமோவும்

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றுகிறேன். சரண் விடுப்பு, பதவி உயர்வு முதலிய கோரிக்கைகளுக்காக எங்கள் சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது. கலந்துகொண்டால் சம்பளம் இல்லை, தற்செயல் விடுப்பும் இல்லை, 17-பி நடவடிக்கை பாயும் என்று சுற்றறிக்கை வந்துள்ளது. வேலைநிறுத்தம் எங்கள் உரிமை அல்லவா? விசாரணையே இல்லாமல் எங்களை டிஸ்மிஸ் செய்ய முடியுமா?

பதில்: அன்பருக்கு, தங்களுடைய முதற்கேள்விக்குத் தாங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சட்டம் தரவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து வழங்கியிருக்கிறது என்பது மெய். ஆயினும் அவ்வுரிமைக்குள் வேலைநிறுத்த உரிமையும் அடங்கியுள்ளது என்னும் வாதத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 1961-இலேயே வங்கி ஊழியர் வழக்கில் ஏற்க மறுத்துவிட்டது. மறுவருஷம் பீகாரைச் சேர்ந்த காமேஷ்வர் பிரசாத் வழக்கில், ஆர்ப்பாட்டம் எதுவாயினும் கூடாது என்று அடியோடு தடுக்கும் விதி செல்லாது எனத் தீர்ப்பளித்த நீதிபதிகள், அதே விதி வேலைநிறுத்தத்துக்கு விதித்த தடையில் மட்டும் கைவைக்க இசையவில்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 22-ஆவது விதி, வேலைநிறுத்தத்தையும் அதற்குத் தூண்டுவதையும் தடுப்பதோடு நில்லாமல், சர்க்காரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் அனுமதியின்றிப் பணிக்கு வராதிருப்பதையும் உண்ணாவிரதத்தையும்கூட அதே கணக்கில் சேர்த்துவிடுகிறது. ஆகையால் எல்லாரும் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் விதியிலிருந்து தப்பலாம் என்று சங்க நண்பர் யாரேனும் சொன்னால், அதை நம்பிவிட வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2003-ஆம் வருஷம் ஜூலையில் நிகழ்ந்தவற்றைத் தங்கள் அலுவலகத்து மூத்த ஊழியர் எவரும் மறந்திருக்க மாட்டார். ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து அந்த மாதம் 2-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தை அடக்குவதற்காக, தலைவர்களைக் கைது செய்ததோடு அமையாமல், டெஸ்மா என்று அழைக்கப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை 4-ஆம் தேதியன்று ஓர் அவசரச் சட்டத்தால் திருத்தி, ஏறக்குறைய 1,70,000 ஊழியர்களை விசாரணையின்றி வேலையிலிருந்து நீக்கியது அன்றைய அரசாங்கம். உத்தரவில் பெயர் இருக்கிறதா என்று அலுவலக வாசல்களில் ஒட்டப்பட்ட பட்டியல்களை நடுங்கும் விரலால் தேடிய மனிதர்களுக்கு, விசாரணையின்றிப் பணிநீக்கம் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 311-ஆவது ஷரத்து இருப்பது அன்று எந்த ஆறுதலையும் தந்திராது. அந்தப் பணிநீக்கங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்டு 6-ஆம் தேதி வெளிவந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்டபூர்வமான உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று கூறியது. நிபந்தனையற்ற மன்னிப்பும், 22-ஆவது விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர்; மற்றவர்களின் முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் நியமிக்கப்பட்டனர். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தல் முடிவு வெளிவந்த சில தினங்களில், நடவடிக்கைகள் அனைத்தையும் அதே அரசாங்கமே வாபஸ் பெற்றுக்கொண்டது.

தார்மிக உரிமை பற்றிய அந்த வாக்கியம் வழக்கைத் தீர்க்க அவசியமானது அல்ல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஒழுக்க நியாயத்தை அளப்பது நீதிமன்றத்தின் தராசுக்கு உரிய வேலையன்று. வேலைநிறுத்தம் கூடாது என்று சொல்லும் சர்க்கார், தகராறைத் தீர்த்துவைக்கும் நடுநிலையாளர் ஒருவரையும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. 1960-இல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை அவசரச் சட்டம் கொண்டு ஐந்தே நாளில் அடக்கிய தில்லி சர்க்கார், 1966-இல் கூட்டு ஆலோசனை ஏற்பாட்டையும், சம்பளம், வேலை நேரம் முதலிய சில விஷயங்களுக்குக் கட்டாய மத்தியஸ்தத்தையும் ஏற்படுத்தியது. தொழிலாளர் சட்டத்தின்கீழ் வரும் போக்குவரத்துக் கழகத் தொழிலாளருக்கோ, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வேலைநிறுத்தம் செய்யவும் வழி உண்டு. 2018 ஜனவரியில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம், ஐகோர்ட்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக நியமித்த பின்னரே முடிவுற்றது. தங்கள் சர்வீசுக்கு இவ்விரண்டில் எதுவும் இல்லாத காரணத்தினாலேயே, ஒவ்வொரு முறையும் மிரட்டலில் ஆரம்பமாகும் விவகாரம், தேர்தலை ஒட்டி வரும் கருணையில் முடிகிறது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின்போது பிறந்த ஒழுங்கு நடவடிக்கைகள் 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டதும் இவ்வகையே.

ஆனால் கருணை வரும்வரை மெமோ உயிரோடிருக்கும் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-ஏ என்பது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைக்கானது. 17-பி பணிநீக்கம் வரை செல்லக்கூடியது. அது நிலுவையில் இருக்கும் நாள்வரை பதவி உயர்வுப் பட்டியலில் தங்கள் பெயர் ஏறுவது அரிது. சம்பள விஷயத்தில், வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை என்னும் கொள்கையை 1990-இல் ஒரு வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டிருப்பதால், வழக்குப் போட்டு அதை மீட்க நினைப்பது வீண்செலவு. விசாரணையின்றி டிஸ்மிஸ் செய்ய 311-ஆவது ஷரத்தே சில விலக்குகளைத் தந்திருக்கிறது. அவற்றுள் இங்கே பொருந்தக்கூடியது, விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லாத நிலைக்கான விலக்கு; அதற்கான காரணங்களை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். துளசிராம் படேல் வழக்கில் 1985-இல் விளக்கப்பட்ட இந்த வழி, கையொப்பமிட்ட ஒரே அச்சுப்பிரதியை ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கான உபாயம் அன்று.

ஆகவே சங்கத்தின் அழைப்பை ஏற்பதா என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள். ஏற்பதானால் மேற்கூறிய விளைவுகளுக்கு ஆயத்தமாயிருங்கள். அலுவலக நேரத்துக்குப் பின், வளாகத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்வதில் இத்தனை அபாயம் இல்லை. மெமோ வந்தால், அதை வாங்க மறுக்காமல் தேதியிட்டு வாங்கிக்கொண்டு, குறித்த கெடுவுக்குள் எழுத்தில் விளக்கம் அளியுங்கள். தங்கள்மீது ஆதாரமாகக் காட்டப்படும் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். வாய்மொழி விசாரணை வேண்டும் என்பதையும் அந்த விளக்கத்திலேயே மறவாமல் குறிப்பிடுங்கள். அச்சிட்ட மன்னிப்புக் கடிதம் எதையேனும் நீட்டினால், அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் முன்னர் கையெழுத்திடாதீர்கள்.