ஒரு ‘டீ’யா, இரண்டு ‘டீ’யா?

ஒன்பதாம் தரத்தில் ஆங்கிலச் சொல்வதெழுதலில் ‘ரைட்டிங்’ என்ற சொல்லுக்கு இரண்டு ‘டீ’ போட்டேன். ‘பேப்பர்’ என்பதற்கு இரண்டு ‘பீ’. இருபதுக்கு எட்டுப் புள்ளி. கொப்பியை உம்மாவிடம் காட்டாமல் இரண்டு நாள் பையிலேயே ஒளித்து வைத்தேன். அந்தப் பிழை கவனக்குறைவால் வந்ததல்ல, என் தமிழிலிருந்து வந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

தமிழில் ‘பேபர்’ என்று எழுதினால் இடையில் வரும் தனி வல்லினம் மென்மையாகிவிடும். வன்மையாக ஒலிக்க ஓர் ஒற்றுச் சேர்த்துப் ‘பேப்பர்’ என்கிறோம். ‘ரைட்டிங்’, ‘லேட்டர்’ எல்லாம் அப்படித்தான். கண்ணில் பதிந்த அந்த ஒற்றை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறோம்.

ஆங்கிலத்தில் எழுத்து இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. அசை பிரித்துப் பாருங்கள். ரை–டிங்: முதல் அசை நீண்டு உயிரோசையில் முடிகிறது. ஆகவே ஒரு ‘டீ’ போதும். எழுதப்பட்டது என்று பொருள்படும் ‘ரிட்டன்’ ரிட்–டன் எனப் பிரியும். முதல் அசை குறில்; ஒரு ‘டீ’ அதை அடைக்கிறது, மற்றது அடுத்த அசைக்குப் போகிறது. அதுபோலவே, பிறகு என்னும் பொருளில் வரும் லே–டர் ஒன்று, கடிதமாகிய லெட்–டர் இரண்டு. குறில் நெடில் படித்த நமக்கு இது கஷ்டமில்லை.

ஆனால் நம் யாப்பு அசையும் இதுவும் ஒன்றல்ல. ‘மலர்’ நமக்கு ஒரு நிரையசை. ஆங்கிலக் கணக்கில் ம–லர், இரண்டு. அங்கே ஓர் உயிரோசைக்கு ஓர் அசை. தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துச் சொன்னால், தாடை இறங்கும் தடவைகளை எண்ணிவிடலாம்.

‘சிட்டி’, ‘லிமிட்’ போன்றவை குறிலாக இருந்தும் இடையில் ஒற்றை எழுத்தோடு நிற்கும். அவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும். புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல் இன்னும் மோசம்: வாயில் வென்ஸ்–டே என இரண்டு அசை, எழுத்திலோ வெட்–நெஸ்–டே என மூன்று. எழுதும்போது மட்டும் மூன்றாகச் சொல்லிக்கொள்வேன். அசை பிரித்து எழுத்துக்கூட்டுவது பழைய வழிதான். 1783இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட பாடநூலும் சொற்களைப் பிரித்தே அச்சிட்டது.

உம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் காது கேட்குமே! போன வாரம் பன்வில சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தங்கச்சியைக் கேட்டார்:

“‘பட்டர்’ சொல்லு. முதல் துண்டு நீளமா, குட்டையா?”

“குட்டை, உம்மா.”

“அப்ப எத்தனை ‘டீ’?”

“ரெண்டு.”

பக்கத்தில் நின்ற ஒருவர் தேநீர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார்.