உழவு இயந்திரத்தில் பாரந்தூக்கியைப் பொருத்தும் இடம்

பெரும்போக நெல் தை, மாசி மாதங்களில் களத்திலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் ஏற்றப்படுகின்றது. வடகீழ்ப் பருவமழையின் கடைசி மழை அந்நாட்களிலும் பெய்வதுண்டு. அப்பொழுது வயற்பாதைகள் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாயும் இருக்கும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ள கருங்களிமண் நிலங்களில் இந்நிலை மிகவும் கடுமையாகும். அம்மண் நீரை உண்டதும் பொருமிப் பசைபோலாகி, சில்லை விடாது பற்றிக்கொள்ளும். நெல் மூடைகள் ஏற்றிய பெட்டியின் ஒரு சில்லு அத்தகைய நிலத்தில் அச்சுவரை புதையுமாயின், அதனை வெளியேற்றப் பாரந்தூக்கி தேவைப்படும்.

'ஜக்' என வழங்கும் பாரந்தூக்கி பல கமக்காரரிடம் உண்டு. ஆயினும், தேவை நேர்ந்தவேளையில் அது கைக்கு எட்டுவதில்லை. அது வீட்டில் இருக்கும். அல்லது மூடைகளின் அடியில் கிடக்கும். அல்லது சேற்றில் மூழ்கி இயங்காதிருக்கும். பாரந்தூக்கியை வாங்குவதிற் செலுத்தும் கவனத்தை, அதனைப் பொருத்தும் இடத்தைத் தெரிவதிலும் செலுத்துதல் வேண்டும். காய்ந்த முற்றத்தில் வசதியாகத் தோன்றும் இடம் நல்ல இடமாகாது. பெட்டி சரிந்து, இருள் சூழ்ந்து, சாரதி தனியே நிற்கும் வேளையிலும் எளிதில் எடுக்கக்கூடிய இடமே நல்ல இடமாகும்.

பாரந்தூக்கியின் வகைகள்

கமக்காரர் பயன்படுத்துவன பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது, போத்தல் வடிவான எண்ணெய்த் தூக்கி. இது சிறியது, பெரும்பாரத்தைத் தூக்க வல்லது. ஆயினும், அச்சு சேற்றைத் தொட்டுவிட்டால் அதன் கீழ் இதனை நிறுத்த இடமிராது. இரண்டாவது, துளைகள் கொண்ட நீண்ட இரும்புச் சட்டத்தில் ஏறியிறங்கும் சட்டத்தூக்கி. ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர் நீளமான சட்டத்தூக்கியின் எடை 13 கிலோ அளவினதாகும். இது தாழ்ந்த இடத்திலிருந்தும் தூக்கக்கூடியது. எனினும், பக்கவாட்டிற் சரிவது இதன் குறையாகும்.

எண்ணெய்த் தூக்கியை எப்பொழுதும் நிமிர்த்தியே பொருத்துதல் வேண்டும். படுக்கவைத்தால் எண்ணெய் கசிந்து, உள்ளே காற்றுப் புகுந்து, தேவைப்படும்போது பாரம் எழும்பாது போகும். சட்டத்தூக்கியைக் கிடையாகப் பொருத்தலாம். ஆனால் அதன் கைபிடியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுதல் அவசியம்.

பொருத்தத் தகாத இடங்கள்

1. சாரதியின் காலடி. அங்கு வைக்கப்படும் பாரந்தூக்கி ஒரு குலுக்கலில் உருண்டு பிரேக் அல்லது கிளச் மிதியின் கீழ் அகப்படும். மிதி கீழிறங்காவிடின் இயந்திரத்தை நிறுத்த இயலாது. ஆதலால் இவ்விடத்தை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும்.

2. பின்சில்லின் மட்காட். இது உயரமான இடம். இயந்திரம் சரியும்போது 13 கிலோ இரும்பு சாரதியின்மேல் விழக்கூடும். தகடும் நாளடைவில் வெடிக்கும்.

3. இயந்திரத்தின் பின்புறத் தூக்குகைகளும் இழுவைச் சட்டமும். பின்னச்சுக்குப் பின்னே ஏற்றும் ஒவ்வொரு பாரமும் முன்சில்லுகள் நிலத்தை அழுத்தும் வலுவைக் குறைக்கின்றது. பாரந்தூக்கியின் எடை தனியே சிறிதாயினும், கலப்பையோடும் பெட்டியின் பாரத்தோடும் சேரும்போது அதுவும் கணக்கிற்குரியதாகும். அன்றியும், சுழலும் தண்டு அவ்விடத்தில் இருப்பதால், கட்டிய கயிறோ எட்டிய கையோ அதில் அகப்படும் ஆபத்து உண்டு.

4. பெட்டியின் உட்புறம். வெறும் பெட்டியில் இது சிறந்த இடமெனத் தோன்றும். மூடைகள் ஏற்றியபின் பாரந்தூக்கியை எடுக்க, மூடைகள் யாவற்றையும் ஈரநிலத்தில் இறக்க நேரிடும்.

5. பெட்டித் தளத்தின் அடிப்புறம். பெட்டி புதையும்போது பாரந்தூக்கியும் உடன் புதையும்.

6. சாரதியைக் காக்கும் கவிழ்வுத் தடுப்புச் சட்டம். இச்சட்டத்தில் துளையிடுவதும் உருக்கி ஒட்டுவதும் அதன் வலிமையைக் குறைக்கும். ஓர் உயிரைக் காப்பதற்கென அமைந்த உறுப்பைச் சுமைதாங்கியாக்குதல் கூடாது.

பொருத்தத்தக்க இடங்கள்

பெட்டியின்றி வயலில் உழும் நான்கு சில்லு இயந்திரத்திற்கு, முன்புறத்திலுள்ள பாரச்சட்டம் ஏற்ற இடமாகும். அங்குள்ள எடை முன்சில்லுகளை நிலத்தில் அழுத்தி, இயந்திரம் முன்னெழும்புவதைத் தடுக்க உதவுகின்றது. ஆயினும், பாரந்தூக்கி ரேடியேற்றருக்குச் செல்லும் காற்றையும் விளக்கின் ஒளியையும் மறைத்தலாகாது; இயந்திரத்தின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருத்தலும் ஆகாது.

பெட்டி இழுக்கும்போது, பெட்டியின் முன்பலகையின் வெளிப்புறமே சிறந்தது. அவ்விடம் தளத்திற்கு மேலாக இருப்பதால் சேற்றில் மூழ்காது, மூடைகளாலும் மறைக்கப்படாது. சட்டத்தூக்கியைப் பலகையின் நடுவில் கிடையாகப் பொருத்துக. ஒரு பக்கமாகப் பொருத்தாமைக்குக் காரணம் உண்டு. எமது நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்கின்றன. வீதியில் எதிர்வரும் வாகனத்திற்கு ஒதுங்கும்போது இடப்புறச் சில்லே பெரும்பாலும் ஓரத்திற் புதையும். அப்பொழுது இடப்பக்கம் நீரிலும் சேற்றிலும் தாழ்ந்திருக்கும்; வலப்பக்கத்தில் வாகனங்கள் ஓடும். நடுவிலிருக்கும் பாரந்தூக்கியை எப்பக்கத்திலிருந்தும் எட்டலாம்.

இருசில்லு உழவு இயந்திரத்தில் சாரதி பெட்டியின் முன்னே அமர்ந்து செல்கின்றார். சந்தைக்கு மரக்கறி ஏற்றும் இத்தகைய சிறு பெட்டிகளுக்குச் சிறிய எண்ணெய்த் தூக்கி போதுமானது. சாரதியின் ஆசனத்தின் கீழ் மூடியுள்ள ஒரு சிறு பெட்டகம் அமைத்து, அதனுள் தூக்கியை நிமிர்த்தி நிறுத்தி, அசையாதவாறு கட்டைகளால் அணைகொடுக்க வேண்டும்.

பொருத்தும் முறை

கோண இரும்பினால் இரண்டு தாங்கிகள் செய்க. பலகையின் இருபுறமும் அகன்ற வாஷர் இட்டு, போல்ட்டினால் முறுக்குக. அதிர்வினால் ஒரு நட்டு தளருமாதலால், அதன்மேல் இன்னொரு நட்டை இட்டு இறுக்குக. தாங்கிக்கும் தூக்கிக்கும் இடையே பழைய ரயர்த் துண்டை வைத்தால் ஓசையும் தேய்வும் குறையும். பாரந்தூக்கியைக் கயிற்றினால் மாத்திரம் கட்டுதல் போதாது. குண்டுங்குழியுமான பாதையில் 13 கிலோ எடை அதனினும் பன்மடங்கு விசையுடன் இழுக்கும். கயிறு நனைந்து தளரும்.

தூக்கியை விடுவிக்கும் ஊசி கையினாலேயே கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டு இடுவோர், அதன் திறப்பை இயந்திரத்தின் திறப்போடு ஒரே வளையத்தில் கோத்து வைத்தல் நன்று. சட்டத்தூக்கியின் பொறிப்பகுதியைக் கித்தான் துண்டினால் மூடுக. அதற்கு மெல்லிய எண்ணெய் இடுக. தடித்த கிறீஸ் மணலைப் பற்றிக்கொள்ளும்.

உடனிருக்க வேண்டியவை

பாரந்தூக்கி தனியே பயன்படாது. அதன் அடித்தட்டின் அளவு 10 சென்ரிமீற்றருக்கு 18 சென்ரிமீற்றர் எனக் கொள்க. பரப்பு 180 சதுர சென்ரிமீற்றர் ஆகும். ஒரு சில்லின்மேலுள்ள 1,000 கிலோ பாரத்தைத் தூக்கும்போது, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரின்மேலும் ஏறத்தாழ 5.6 கிலோ அழுத்தும். ஈரக்களி இதனைத் தாங்காது. பெட்டி எழும்புவதற்குப் பதிலாகத் தூக்கி புதையும். 30 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் அளவான பலகையை அடியில் வைத்தால், அதே பாரம் 1,350 சதுர சென்ரிமீற்றரிற் பரவி, அழுத்தம் 0.75 கிலோவுக்கும் குறைந்துவிடும். முதிரை, பாலை போன்ற வன்மரத்தில் 5 சென்ரிமீற்றர் தடிப்பான பலகை ஏற்றது. இப்பலகையையும், சில்லுக்கு முட்டுக்கொடுக்கும் இரு கட்டைகளையும், ஒரு மண்வெட்டியையும் பாரந்தூக்கிக்கு அருகிலேயே பொருத்துக. ஓரிடத்தில் மூன்றும் மற்றோரிடத்தில் ஒன்றும் இருப்பின், அந்த ஒன்றே அவசர வேளையில் மறக்கப்படும்.

பொருத்தியபின் சோதித்தல்

பெட்டியை இணைத்து, இயந்திரத்தை இடமும் வலமும் முற்றாகத் திருப்பிப் பார்க்க. பின்சில்லு தாங்கியைத் தொடுமாயின், தாங்கியை உயர்த்துக. பின்னர், இரவில் விளக்கின்றிப் பாரந்தூக்கியைக் கழற்றிப் பார்க்க. கழற்ற முடியாவிடின், அவ்விடம் இன்னும் சரியானதன்று. முதல் நாள் ஓட்டத்தின்பின் நட்டுகள் யாவற்றையும் மீண்டும் இறுக்குக.

உயிரைக் காக்கும் விதிகள்

புதைந்த இயந்திரத்தை வேகங்கொடுத்து வெளியேற்ற முயல்வோர் உளர். பின்சில்லுகளில் மரக்குற்றியைச் சங்கிலியாற் கட்டி ஓட்டுவோரும் உளர். இது மிகக் கொடிய வழக்கமாகும். சில்லு சுழல இடமில்லாதபோது, எஞ்சினின் வலு இயந்திரத்தின் உடலையே பின்னச்சைச் சுற்றித் திருப்பும். முன்புறம் மேலெழுந்து, ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் இயந்திரம் சாரதியின்மேற் கவிழும். குதித்துத் தப்ப நேரம் கிடையாது. எளிதில் எடுக்கக்கூடிய பாரந்தூக்கி இருப்பின், இத்தகைய துணிகரத்துக்குத் தேவையே எழாது.

தூக்கும்போது எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, புதையாத சில்லுக்கு இருபுறமும் கட்டை வைக்க. இயன்ற அளவு மூடைகளை இறக்குக. சில்லின் முன்னுள்ள சேற்றை வெட்டி அகற்றுக. அச்சின்கீழ், சில்லுக்கு அண்மையில், அல்லது பெட்டியின் உறுதியான இரும்புச் சட்டத்தின்கீழ் மாத்திரம் தூக்கியை நிறுத்துக, தளப்பலகையின்கீழ் நிறுத்தற்க. சட்டத்தூக்கியின் கைபிடி திடீரென மேலெழும்பக்கூடும். அதன் வழியில் தலையையோ தாடையையோ வைத்தலாகாது. தூக்கிய பெட்டியின்கீழ் ஒருவரும் புகுதல் கூடாது. சில்லு எழுந்ததும் பக்கத்தில் நின்றவாறே, மண்வெட்டியாலோ நீண்ட தடியாலோ கல்லையும் கிளைகளையும் குழியினுள் தள்ளி நிரப்பி, மெல்ல இறக்கி, ஆட்களை விலக்கியபின் ஓட்டுக. மலைநாட்டுச் சரிவுகளில், சமதரை கிடைக்குமட்டும் பாரந்தூக்கியைப் பயன்படுத்தாதிருத்தலே நன்று.

வேலை முடிந்ததும் தூக்கியைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு, அதே இடத்திற் பொருத்துக. "பிறகு வைக்கலாம்" என வீட்டு மூலையில் விடப்படும் பாரந்தூக்கி, அடுத்த முறை சில்லு புதையும்போது வீட்டு மூலையிலேயே இருக்கும்.